நிறையும் நிறமும்: கனத் தனிமங்களைப் பிரித்தறியும் கலை

முன்னுரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நகைப் பட்டறை ஒன்றிற்குப் பழைய பொன் அணியொன்றைக் கொண்டு சென்றால், அதனைக் கையில் வாங்கும் பொற்கொல்லர் இரண்டு செயல்களைச் செய்வார். முதலில் தராசில் இட்டு நிறுப்பார். பின்னர் உரைகல்லில் உரைத்து, அதில் படியும் கோட்டின் நிறத்தைக் கூர்ந்து நோக்குவார். நிறை எவ்வளவு என்பதைத் தராசு சொல்லும். பொருள் எது என்பதை நிறம் சொல்லும். இவ்விரண்டனுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் நம்பி அவர் விலை சொல்வதில்லை.

நிறுத்தறியும் கலை தமிழர்க்குப் புதியதன்று. நிறைப் பெயர்களும் அளவுப் பெயர்களும் புணரும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கின்றது. இசுலாமிய உலகில் அல்பிரூனி உலோகங்களையும் மணிக்கற்களையும் நீரில் இட்டு, அவற்றின் ஒப்படர்த்தியைத் துல்லியமாக அளந்தார். 1121ஆம் ஆண்டில் அல்காஸினி இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூல் தராசைப் பற்றிய பெருநூலாகும். ஒளியின் இயல்பை ஆய்ந்து ‘கிதாபுல் மனாஸிர்’ தந்த இப்னுல் ஹைதம், அல்பிரூனியின் காலத்தவரே. ஒருவர் நிறையை ஆய்ந்தார். மற்றவர் ஒளியை ஆய்ந்தார்.

அவ்விரு நெறிகளும் ஒன்றுகூடும் இடம் ஒன்று இன்றைய அணு அறிவியலில் உண்டு. ஒரு நிமிடமே வாழும் கனமான கதிரியக்க அணுக்களை நிறையால் பிரித்தெடுத்து, லேசர் ஒளியால் அவற்றின் இயல்பை அறியும் துறையே அது. அதன் அடிப்படைகளையும், நம் தமிழ் மண்ணோடு அதற்குள்ள தொடர்பையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பெற்ற பின் பிறந்த தனிமம்

பிரித்தறிதல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1957ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள நோபல் நிறுவனத்தில் ஆய்ந்த பன்னாட்டுக் குழுவினர், 102ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். ஆல்ஃபிரட் நோபலின் நினைவாக அதற்கு நோபிலியம் எனப் பெயரும் சூட்டினர். ஆனால் பிற ஆய்வுக்கூடங்களில் அம்முடிவு உறுதிப்படவில்லை. அவர்கள் கண்ட கதிர்வீச்சு வேறு ஏதோ அணுக்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கே பின்வந்தோர் வந்தனர். 1960களில் சோவியத் ஒன்றியத்தின் துப்னா ஆய்வுக்கூடத்தார் செய்த பணியே ஐயத்திற்கு இடமற்றது என, 1990களின் தொடக்கத்தில் பன்னாட்டு அறிஞர் குழு தீர்ப்பளித்தது. எனினும் முன்னரே வழங்கிவிட்ட நோபிலியம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

தகுதி மிக்க அறிஞர்களே தடுமாறக் காரணம் என்ன? உண்டாகும் அணுக்களோ மிகச் சில. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பிற அணுக்களோ கோடிக்கணக்கானவை. பதர்க்குவியலில் ஒரு நெல்மணியைத் தேடுவதைக் காட்டிலும் அரிய செயல் அது. தேடி எடுத்தது நெல்மணிதான் என்று மெய்ப்பிப்பது அதனினும் அரிது.

உடன்பிறப்பும் ஒத்த நிறையும்

ஓர் அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் செறிந்துள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமம் எது என்பதை வரையறுக்கும். 90 புரோட்டான்கள் இருப்பின் தோரியம். 92 இருப்பின் யுரேனியம். 102 இருப்பின் நோபிலியம். புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது நிறை எண் ஆகும்.

ஒரே தனிமத்தின் அணுக்கள் நியூட்ரான் எண்ணிக்கையில் மாறுபடலாம். அவற்றை ஐசோடோப்புகள் என்பர். யுரேனியம் 235, யுரேனியம் 238 ஆகியவை இதற்குச் சான்று. இவை வேதியியல் பண்புகளில் ஏறக்குறைய ஒன்றே. நிறையில் மட்டும் வேறு. இதற்கு மாறாக, வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் ஒரே நிறை எண் கொண்டிருத்தலும் உண்டு. ரேடியம் 225, ஆக்டினியம் 225 ஆகியவை அத்தகையன. இவற்றை ஐசோபார்கள் என்பர்.

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டைகளை எடைவாரியாகப் பிரித்து அட்டைகளில் அடுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். ஒரே பண்ணையின் வெள்ளை முட்டைகளுள் எடை வேறுபாடு உண்டு. அவை ஐசோடோப்புகளைப் போன்றவை. பழுப்பு நிற நாட்டுக்கோழி முட்டை ஒன்று, சிறிய வெள்ளை முட்டையோடு எடையில் ஒத்திருக்கலாம்; அவை ஐசோபார்களைப் போன்றவை. எடைக்கருவி முதல் வகையைப் பிரித்துவிடும். இரண்டாம் வகையைப் பிரிக்க இயலாது. அங்கே ஓட்டின் நிறத்தைத்தான் நோக்க வேண்டும். கனத் தனிமங்களின் ஆய்வு முழுவதும் இந்த இரட்டைச் சிக்கலைச் சுற்றியே அமைகின்றது.

நிறைப்படி பிரிக்கும் முறைகள்

அணுவைத் தராசில் வைக்க இயலாது. ஆயினும் ஓர் எலக்ட்ரானை நீக்கி அதனை மின்னேற்றம் பெற்ற அயனியாக்கிவிட்டால், மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அதனை இயக்கலாம். காந்தப்புலத்தின் ஊடே செல்லும் அயனி வளைந்து செல்லும். ஒரே மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட அயனிகளுள் இலேசானவை மிகுதியாக வளையும். கனமானவை குறைவாக வளையும். வளைவின் ஆரம் நிறையின் இருபடி மூலத்திற்கு ஏற்ப அமையும்.

இங்கிலாந்தின் ஜே. ஜே. தாம்சன் 1912–13ஆம் ஆண்டுகளில் இம்முறையைப் பின்பற்றி, நியான் வாயுவில் நிறை 20, 22 என இருவகை அணுக்கள் இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் ஆஸ்டன் 1919இல் நிறைமாலை வரைவியை உருவாக்கிப் பல தனிமங்களின் ஐசோடோப்புகளை வெளிப்படுத்தினார். அதற்காக 1922இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். மேனிலை வகுப்பில் இயற்பியல் பயின்றோர் பெயின்பிரிட்ஜின் நிறைமாலைமானியை அறிந்திருப்பர். அதில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மின்புலமும் காந்தப்புலமும் முதலில் குறிப்பிட்ட வேகமுள்ள அயனிகளை மட்டும் தேர்ந்து அனுப்பும்; அடுத்துள்ள காந்தம் அவற்றை நிறைப்படி பிரிக்கும்.

கனத் தனிமங்களில் இப்பணி கடினமாவது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நியான் 20 செல்லும் வளைவின் ஆரம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். நியான் 22 செல்லும் வளைவு அதனினும் ஏறக்குறைய 49 மில்லிமீட்டர் பெரிதாகும். இரண்டும் எளிதில் விலகி நிற்கும். நோபிலியம் 253இன் ஆரம் ஒரு மீட்டராயின், நோபிலியம் 254இன் ஆரம் 2 மில்லிமீட்டர் அளவே கூடுதலாகும். கனம் ஏற ஏற, அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது.

ஐசோபார்களின் நிலையோ இதனினும் கடுமையானது. ரேடியம் 225க்கும் ஆக்டினியம் 225க்கும் இடையேயுள்ள நிறை வேறுபாடு ஏறத்தாழ 6 இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. கதிரியக்க அணுக்களைப் பிரிக்கும் வழக்கமான காந்தங்கள் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைத்தான் பிரித்துக் காட்டும்.

காந்தத்தை அன்றி வேறு கருவிகளும் உள்ளன. நான்கு கோல்களுக்கு இடையே விரைந்து மாறும் மின்புலத்தை அமைத்து, ஒரு குறிப்பிட்ட நிறையுள்ள அயனிகளை மட்டும் கடக்கவிடுவது நான்முனை நிறைவடிப்பான். ஜெர்மனியின் வொல்ப்காங் பால் இதனை உருவாக்கினார். மின்புலத்தில் அயனிகளைச் சிறைப்பிடிக்கும் முறைக்காக 1989இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பென்னிங் பொறி என்னும் கருவி, அயனியைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு, அச்சுழற்சியின் அதிர்வெண்ணிலிருந்து நிறையைக் கணிக்கும். 2010இல் நோபிலிய ஐசோடோப்புகளின் நிறை இவ்வாறு நேரடியாக அளக்கப்பட்டது.

மணவாளக்குறிச்சி மணல் உணர்த்தும் பாடம்

ஒரே பண்பைக் கொண்டு எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமை கலந்த கன மணல் கிடைக்கின்றது. 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், தென்னங்கயிற்றில் ஒட்டிவந்த மணலைக் கொண்டு இங்கு மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். தோரியத்தைத் தன்னகத்தே கொண்ட கனிமம் அது. இன்று அங்கே நடுவண் அரசின் அரிய மணல் நிறுவனம் இயங்கி வருகின்றது.

அம்மணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு, சில்லிமனைட்டு, மோனசைட்டு ஆகியவை கலந்துள்ளன. முதலில் நீரோட்டத்தில் இட்டு, எடை குறைந்த சாதாரண மணலை நீக்குவர். நம் ஊர்ச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் பால் தொட்டிகளில் தேங்கி, மாவு அடியில் படிவதைப் போன்ற முறையே இது. ஆயினும் எஞ்சிய கன மணல்கள் யாவும் எடையில் நெருக்கமானவை. எனவே அடுத்து உயர் மின்னழுத்தத்தின் வழியே செலுத்துவர். மின்கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒருபுறம் ஒதுங்கும். கடத்தாத சிர்க்கானும் மோனசைட்டும் மறுபுறம் செல்லும். அதன்பின் காந்தம் வருகிறது. காந்தத்தால் சற்றே ஈர்க்கப்படும் மோனசைட்டு, ஈர்க்கப்படாத சிர்க்கானை விட்டு விலகும்.

எடையில் ஒத்தவை மின்கடத்துதிறனில் வேறுபடும். அதிலும் ஒத்தவை காந்தப் பண்பில் வேறுபடும். ஒன்றோடொன்று தொடர்பற்ற பண்புகளை அடுத்தடுத்து வினவினால்தான் கலவை முற்றிலும் பிரியும். மணலுக்குப் பொருந்தும் இவ்விதி அணுவுக்கும் பொருந்தும். நிறை என்னும் ஒரு பண்பு வினவப்பட்டுவிட்டது. அதனோடு தொடர்பற்ற மற்றொரு பண்பு வேண்டும். அதுவே நிறம்.

லேசர் வினவும் வினா

சமையல் உப்பைத் தீச்சுடரில் தூவினால் சுடர் மஞ்சளாக மாறும். உப்பிலுள்ள சோடியத்திற்கே உரிய நிறம் அது. ஒவ்வொரு தனிமத்தின் எலக்ட்ரான்களும் தமக்கென அமைந்த ஆற்றற்படிகளில் நிற்கின்றன. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏற, அவ்வேறுபாட்டிற்குச் சரியாகப் பொருந்தும் ஒளியை மட்டுமே அவை ஏற்கும். ஒரு தனிமத்தின் படிகள் மற்றொன்றின் படிகளோடு ஒத்திருப்பதில்லை. எனவே நிறமாலை என்பது தனிமத்தின் கைரேகை எனலாம்.

லேசர் ஒளியின் நிறத்தை மிக நுண்ணிய அளவில் மாற்றியமைக்க இயலும். ஒரு லேசரால் எலக்ட்ரானை முதற்படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றி, மற்றொரு லேசரால் அதனை அணுவிலிருந்தே வெளியேற்றலாம். இதற்கு ஒத்ததிர்வு அயனியாக்கம் என்று பெயர். முதல் லேசரின் நிறம் ஆக்டினியத்திற்குப் பொருந்துமாறு அமைந்திருப்பின், ஆக்டினியம் அயனியாகும். அருகிலேயே நிற்கும் ரேடியம் அவ்வொளியைப் பொருட்படுத்தாது. தராசு பிரிக்க இயலாத ஐசோபார்களை ஒளி இவ்வாறு பிரித்துவிடுகின்றது.

ஒளி தரும் செய்தி இதனோடு முடிவதில்லை. ஒரே தனிமத்தின் இரு ஐசோடோப்புகள் ஏற்கும் ஒளியின் நிறத்தில் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. இதனை ஐசோடோப்புப் பெயர்ச்சி என்பர். கனத் தனிமங்களில் இப்பெயர்ச்சிக்குத் தலையாய காரணம் அணுக்கருவின் பருமன் ஆகும். நியூட்ரான் கூடும்போது அணுக்கரு சற்றே பருக்கும். அதன் அருகே உலவும் எலக்ட்ரானின் ஆற்றற்படியும் சற்றே இடம்பெயரும். அணுவைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிய அணுக்கருவின் பருமனையும் வடிவத்தையும், அதனைத் தொடாமலேயே ஒளியின் நிறத்தைக் கொண்டு அளந்துவிடலாம் என்பது இத்துறையின் வியத்தகு பயனாகும். ஆனால் எந்த ஐசோடோப்பு முன் நிற்கிறது என்பது தெரியாவிடில் அளவீடு பொருளற்றுப் போகும். அதனை உறுதி செய்வது நிறைப் பிரிப்பே.

இங்கு ஓர் இடையூறும் உண்டு. சேலம் சந்திப்பில் நிற்போர்க்கு, நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்கும். ஒளிக்கும் இதே டாப்ளர் விளைவு உண்டு. பல திசைகளில் பல வேகங்களில் அலையும் அணுக்கள், ஒரே நிறத்தைப் பல நிறங்களாக உணரும். அதனால் கூர்மையான நிறமாலைக் கோடு அகன்று மங்கிவிடும்.

இவ்விடையூற்றுக்கும் நிறை பிரிக்கும் கருவியே தீர்வு தந்தது. அயனிகளைக் காந்தத்திற்குள் செலுத்த 30 ஆயிரம் முதல் 60 ஆயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் தந்து முடுக்குவர். எல்லா அயனிகளும் ஒரே அளவு ஆற்றலைக் கூடுதலாகப் பெறும். முன்பிருந்த சிறு ஆற்றல் வேறுபாடு மாறாதிருப்பினும், விரைந்து செல்லும் நிலையில் அது உண்டாக்கும் வேக வேறுபாடு மிகச் சுருங்கிவிடும். அயனிக்கற்றை செல்லும் கோட்டிலேயே லேசரையும் செலுத்தினால் நிறமாலைக்கோடு கூர்மை பெறும். 1976இல் முன்மொழியப்பட்ட இம்முறை நேர்கோட்டு லேசர் நிறமாலையியல் எனப்படும். நிறையைப் பிரிக்க எடுத்த முயற்சி நிறத்தைத் தெளிவாகக் காணவும் உதவியது.

இருவகை நெறிகள்

கதிரியக்கக் கனத் தனிமங்களை உண்டாக்கிப் பிரிப்பதில் இருவகை நெறிகள் உள்ளன.

முதலாவது, சூடான இலக்கு நெறி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1967 முதல் இயங்கும் ஐசோல்டே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. யுரேனியம் கார்பைடு முதலிய தடித்த இலக்கின்மீது புரோட்டான்களை மோதவிடுவர். சிதறிப் பிறக்கும் பலவகை அணுக்கள், ஏறத்தாழ 2000 பாகை வெப்பத்தில் இலக்கிலிருந்து ஆவியாகி வெளிவரும். அவற்றுள் வேண்டிய தனிமத்தை மட்டும் லேசர் அயனியாக்கும். பின்னர்க் காந்தம் வேண்டிய நிறையை மட்டும் பிரிக்கும். இயற்கையில் மிக மிக அரிதாகக் கிடைக்கும் அஸ்டடைன் தனிமத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல் 9.3 எலக்ட்ரான் வோல்ட் என்பது 2013இல் இந்நெறியால்தான் முதன்முதலாக அளக்கப்பட்டது.

ஆனால் நோபிலியம் போன்றவற்றை இந்நெறியால் பெற இயலாது. யுரேனியத்தைச் சிதைத்து யுரேனியத்தினும் மிகக் கனமான ஒன்றை உண்டாக்க முடியாதன்றோ? இரண்டு அணுக்கருக்களை இணைத்தே அதனை ஆக்க வேண்டும். அதற்குரியது பறப்பில் பிரிக்கும் நெறி.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. ஆய்வுக்கூடத்தில் இவ்வாய்வு நடைபெற்றது. கால்சியம் 48 அயனிகளை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேகத்திற்கு முடுக்கி, ஈயம் 208 தகட்டின்மீது மோதவிட்டனர். விநாடிக்குப் பல இலட்சம் கோடி கால்சியம் அயனிகள் மோதினும், இணைந்து பிரிப்பானைக் கடந்து வந்த நோபிலியம் 254 அணுக்கள் விநாடிக்குச் சிலவே. அவற்றின் அரை ஆயுள் 51 விநாடிகள்.

கூட்டத்திலிருந்து இவற்றை மீட்பது எவ்வாறு? இணைந்து உருவான அணுக்கரு கனமானது. ஆதலின் அது மோதிய கால்சியத்தைக் காட்டிலும் மெதுவாகவே முன்னோக்கிச் செல்லும். இவ்வேக வேறுபாட்டைப் பயன்படுத்தி, மின்புலமும் காந்தப்புலமும் கொண்ட ஷிப் என்னும் வேக வடிப்பான் கால்சியக் கற்றையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, நோபிலியத்தை மட்டும் முன்னே விடும். பெயின்பிரிட்ஜ் கருவியின் முதற்பகுதியில் நாம் கண்ட அதே கோட்பாடு இங்கே பல மீட்டர் நீளமுள்ள பெருங்கருவியாக வளர்ந்துள்ளது. அதனைக் கடக்க அணுவுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்குதான்.

வடிப்பானைக் கடந்த நோபிலியம் இன்னும் பெருவேகத்தில் இருக்கும். ஆர்கான் வாயு நிரம்பிய கலத்தில் புகுந்து அது வேகம் இழக்கும். பின்னர் டான்டலம் கம்பி ஒன்றின்மீது படியும். கம்பியைச் சூடேற்றினால் நடுநிலை அணுவாக ஆவியாகும். அப்போது இரு லேசர்களின் ஒளி பாயும். முதல் லேசரின் நிறம் பொருந்தினால் அணு அயனியாகிக் காணியை அடையும். அங்கு அது வெளிவிடும் ஆல்ஃபா துகளின் ஆற்றல், அது நோபிலியம் 254 என்பதற்குக் கையொப்பமாக அமையும். வேகம், நிறம், சிதைவு என மூன்று சான்றுகள் ஒருமித்துச் சொன்ன பின்னரே அணுவின் பெயர் ஏற்கப்படும்.

பல நாள் தேடலுக்குப் பின், ஏறத்தாழ 334 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் நோபிலியம் விடையளித்தது. 2016இல் இம்முடிவு வெளியாயிற்று. 1957இல் தவறாக அறிவிக்கப்பட்ட தனிமத்தின் நிறமாலைக்கோடு, 59 ஆண்டுகளுக்குப் பின் ஐயமின்றிப் பதிவாயிற்று. 2024இல் ஃபெர்மியத்தின் பல ஐசோடோப்புகளின் அணுக்கருப் பருமனும் இவ்வகை முறைகளால் அளக்கப்பட்டது. குறை வாழ்நாள் கொண்டவை டார்ம்ஸ்டாட்டிலும், அணு உலையின் வழியே பெறப்பட்ட நீள் வாழ்நாள் கொண்டவை மைன்ஸ் பல்கலைக்கழகத்திலும் ஆராயப்பட்டன.

தோரியம் 229

மணவாளக்குறிச்சி மணலுக்கு மீண்டும் வருவோம். அதிலுள்ள தோரியம் 232, அணு உலையில் நியூட்ரானை ஏற்று, இருமுறை பீட்டா சிதைவுற்று யுரேனியம் 233 ஆகும். கல்பாக்கத்தில் 1996 அக்டோபர் 29ஆம் நாள் முதன்முதலாக இயக்கநிலை அடைந்த காமினி என்னும் ஆய்வு உலை, யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டது. 30 கிலோவாட் திறனுள்ள இச்சிறிய உலை உலக அளவில் அரியதொன்றாகும்.

யுரேனியம் 233 ஆல்ஃபா துகளை வெளியிட்டுத் தோரியம் 229 ஆகின்றது. இன்று உலக அறிவியலார் பெரிதும் நாடும் அணுக்கரு இது. ஏனெனில் லேசர் ஒளியால் எலக்ட்ரானை அன்றி அணுக்கருவையே ஒரு படி மேலேற்றக்கூடிய வாய்ப்பு இதில் உண்டு. இதற்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 8.4 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. பிற அணுக்கருக்களுக்கு வழக்கமாக இதனினும் பல்லாயிரம் மடங்கு தேவைப்படும்.

இதனை உறுதி செய்த வழியிலும் நிறைப் பிரிப்பே கைகொடுத்தது. 2016இல் மியூனிக் அறிஞர்கள், யுரேனியம் 233 பூச்சிலிருந்து பின்னுதைப்பால் வெளிவந்த தோரியம் 229 அயனிகளை ஹீலியம் வாயுவில் தணித்தனர். பின்னர் நான்முனை நிறைவடிப்பானால் பிற சிதைவுப் பொருள்களை நீக்கி, கிளர்வுற்ற அணுக்கருவை நேரடியாகக் கண்டனர். 2023இல் ஐசோல்டேயில் நிறைப்படி பிரித்த 229 நிறையுள்ள கற்றையைப் படிகத்தில் பதித்து, அது வெளியிடும் ஒளியைக் கண்டனர். 2024இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 148 நானோமீட்டர் ஒளியால் அணுக்கருவைக் கிளர்வுறச் செய்தனர். இன்றுள்ள அணுக் கடிகாரங்களை விஞ்சக்கூடிய அணுக்கருக் கடிகாரத்திற்கு இதுவே அடிக்கல்லாகும்.

மருந்தாகும் அணு

தோரியம் 229இன் வழித்தோன்றல்களுள் ஒன்று ஆக்டினியம் 225. அரை ஆயுள் ஏறக்குறைய 10 நாள்கள். இதனைப் புற்றணுக்களை நாடிச் செல்லும் மூலக்கூறோடு பிணைத்து உடலில் செலுத்தினால், அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் மிகக் குறுகிய தொலைவிலேயே தம் ஆற்றலை இழந்து, அருகிலுள்ள புற்றணுவை அழிக்கும். இவ்வகைச் சிகிச்சை உலகெங்கும் ஆய்வில் உள்ளது. ஆனால் தேவைக்கு ஏற்ப மருந்து கிடைப்பதில்லை.

தோரியத்தின்மீது புரோட்டான்களை மோதவிட்டு ஆக்டினியம் 225ஐ மிகுதியாகப் பெறலாம். ஆயினும் அதனுடன் ஆக்டினியம் 227உம் சிறிதளவு பிறந்துவிடும். அதன் அரை ஆயுள் 21.8 ஆண்டுகள். இரண்டும் ஒரே தனிமம் ஆதலின் வேதியியல் முறையால் பிரிக்க இயலாது. பத்து நாளில் பாதியாகும் மருந்தோடு, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கும் நச்சும் நோயாளியின் உடலிலும் மருத்துவமனைக் கழிவிலும் சேரும். நிறையில் இரண்டே அலகு வேறுபடும் இவ்விரண்டையும் காந்தப் பிரிப்பானால் விலக்கலாம். லேசர் ரேடியத்தை ஒதுக்கி ஆக்டினியத்தைத் தேர்ந்தெடுக்கும். காந்தம் 227ஐ ஒதுக்கி 225ஐத் தேர்ந்தெடுக்கும். செர்னில் 2017 முதல் இயங்கும் மெடிசிஸ் கூடம் மருத்துவ ஆய்வுக்குரிய ஐசோடோப்புகளை இந்நெறியால் சேகரித்து வருகின்றது. பிரித்தறிதலில் நேரும் பிழை, ஆய்வேட்டில் ஒரு திருத்தமாக மட்டும் முடிவதில்லை. ஒருவர் எலும்பில் தங்கும் கதிர்வீச்சாகவும் முடியலாம்.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்துறைக்குரிய அடித்தளம் உண்டு. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் பெல்லட்ரான் முடுக்கியோடு இணைந்த ஹீரா என்னும் பின்னுதைப்பு நிறைப்பிரிப்பானும், ஹைரா என்னும் கலப்பின நிறைப்பிரிப்பானும் உள்ளன. ஹைராவை ஹீலியம் வாயு நிரப்பியும் இயக்கலாம். வாயுவில் அயனிகள் எலக்ட்ரான்களை ஏற்றும் இழந்தும் சராசரி மின்னேற்றம் ஒன்றை அடைவதால், கன அணுக்கருக்களைச் சிதறவிடாமல் ஒருமுகப்படுத்தித் திரட்ட முடிகின்றது. கொல்கத்தாவில் கதிரியக்க அயனிக்கற்றைக் கூடமும், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் யுரேனியம் முதலியவற்றின் லேசர் நிறமாலை ஆய்வும் வளர்ந்துள்ளன. கல்பாக்கத்தில் அணு உலை எரிபொருளின் ஐசோடோப்புக் கூறுகளை நிறைமாலைமானிகளால் அளந்து வருகின்றனர்.

அனைத்துப் பல்கலைக்கழக மாணவரும் பயன்படுத்தும் நோக்குடனேயே தில்லி மையம் அமைக்கப்பட்டது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். அங்குள்ள கருவிகளை இயக்கத் தேவைப்படும் அடிப்படை, நம் கல்லூரிகளின் இளநிலை இயற்பியலில் கற்பிக்கப்படுவதே. காந்தப்புலத்தில் மின்னேற்றத் துகள் வளையும் விதியைப் புரிந்து பயின்ற சேலம், நாமக்கல் பகுதி மாணவர் ஒருவருக்கு அக்கதவு அடைக்கப்பட்டதன்று. புரியாது மனனம் செய்தவர்க்கே அது அடைபட்டுக் கிடக்கும். தாய்மொழியில் அறிவியலை விளக்கும் முயற்சிகளுக்கு இவ்விடத்தில்தான் பயன் உண்டு.

முடிவுரை

நிறையைக் கொண்டு ஐசோடோப்பையும், நிறத்தைக் கொண்டு தனிமத்தையும், சிதைவைக் கொண்டு இரண்டையும் சரிபார்க்கும் முறையே கனத் தனிம ஆய்வின் அடித்தளம் எனக் கண்டோம். ஒன்றை மட்டும் நம்பியபோது நோபிலியத்தின் பெயர் பிழையாகப் பிறந்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற சான்றுகள் ஒருமித்தபோது அதன் ஒளி ஐயமின்றிப் பதிவாயிற்று. கடற்கரை மணலைப் பிரிக்கும் தொழிலாளியும், நகையை நிறுத்து உரைத்துப் பார்க்கும் பொற்கொல்லரும், ஒரு நிமிட அணுவை லேசரால் வினவும் அறிஞரும் பின்பற்றுவது இவ்வொரு நெறியையே.

தராசை நேராக நிறுத்துமாறு இசுலாம் வணிகர்க்குக் கட்டளையிடுகின்றது. அளவையில் நேர்மை என்பது அறிவியலார்க்கும் அறமே. கண்ணுக்குப் புலனாகாத அணுவினுள்ளும் நிறையையும் நிறத்தையும் அளவோடு அமைத்த இறைவனுக்கே எல்லாப் புகழும்.